போர்வை பிடித்தவர்கள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்த நேரம்
ஸ்டுடியோ பையன் அப்பாவைப் பெரிதாக்கினான்.
முதலில் மூக்கு.
பிறகு காதோர மயிர்.
பிறகு திரை முழுக்க ஒரு சட்டைப் பொத்தான்,
தைத்த நூல் மட்டும் வேறு நிறம்.

பேரு என்னக்கா போடணும்?
பக்கிரிசாமி.
என்னவா இருந்தாங்க?
லஸ்கர். பொதுப்பணித் துறை. ஓய்வு.
அந்தச் சொல் அவனுக்குப் பிடிபடவில்லை.
ஷட்டர் ஏத்தி இறக்குறவர், என்றேன்.
திரும்பித்
தன் கடையின் ஷட்டரைப் பார்த்தான்.
வெண்ணாத்துல, என்றேன்.
ஓ, என்றான்.

பின்னால அருவி வைக்கலாங்க்கா,
இப்ப எல்லாரும் அதான் கேக்குறாங்க.

முப்பத்தோரு வருஷம்
தண்ணீரை அடிக்கணக்கில் மட்டுமே பார்த்த மனிதர்.
அத்தனை தண்ணீர் தோளுக்குப் பின்னால் கொட்டினால்
எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று
பேனரிலிருந்து இறங்கிப் போய்விடுவார்.
வேண்டாம், என்றேன்.

வீட்டில் எடுத்த படம்.
கால் எலும்பு முறிந்து கிடந்த வருஷம்
கருவூலத்துக்கு நேரில் போக முடியவில்லை.
ஆள் உயிரோடு இருப்பதைக் காட்ட
ஒரு போட்டோ கேட்டார்கள்.
டி.வி.எஸ். ஐம்பதில் வந்த போட்டோக்காரர்
ரோலில் ஒன்றுதான் பாக்கி
என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை நிறுத்தினார்.
சுவரில் உப்புப் பூத்திருந்தது.
மறைக்க ஒரு போர்வை,
சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது,
சீரோடு சீராக என்னோடு போய்
என்னோடு திரும்பி வந்தது.
ஒரு முனையைக் கலியமூர்த்தி பிடித்தான்.
ஒரு முனையை நான்.
அவனுக்கு முப்பத்திரண்டு, எனக்கு இருபத்தொன்பது.

அதற்குப் பிறகு கேமராவைக் கண்டால்
அப்பா கொல்லைக்குப் போய்விடுவார்.
ஆகவே உயிர்ச் சான்றுக்கு எடுத்ததுதான்
கண்ணீர் அஞ்சலிக்கும்.

ரெண்டு ஓரத்துலயும் வெரல் தெரியுது, எடுத்துடவா?
வாய் திறப்பதற்குள் எடுத்துவிட்டான்.
என் மூன்று விரல்,
கலியமூர்த்தியின் நான்கு,
சைக்கிள் செயினில் மாட்டிக் கறுத்த
அந்த நகத்தோடு சேர்த்து.
இப்போது போர்வை
யாரும் பிடிக்காமல் நின்றது.

ஒன்றரை மா நிலம்.
ஏழு வருஷமாக
அவன் வீட்டு வாசல் வழியாக நான் போவதில்லை.
முந்தாநாள் அப்பாவை எடுத்தபோதும்
அவன் கையிலிருந்த கொள்ளிச் சட்டியை மட்டும் பார்த்தேன்,
அதன் புகை என் கண்ணில் பட்டதற்கும்
அவன் மேல் எரிச்சல் வந்தது.

படம் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றே சொல்வார்கள்:
சிரிக்கப் போறாரு பாரு மனுஷன்,
வாய் தொறக்குது.

இல்லை.
போர்வைக்குப் பின்னால் கலியமூர்த்தி
என் கெண்டைக்காலில் உதைத்தான்.
நான் திருப்பி உதைத்தேன்.
கல்யாணம் ஆன இரண்டு கழுதைகள்.
அப்பாவின் தலைக்கு மேலே
குறுக்கே ஓடும் அந்தச் சுருக்கம்
என்னுடைய உதை.
முன்னால் உட்கார்ந்திருந்தவர்
திரும்பாமலே,
முட்டியில் வைத்த கை ஷட்டர் பிடியைப் பிடித்தது போல் வளைய,
"அசையா" வரைக்கும் சொல்லியிருந்தார்.
பிளாஷ் அடித்தது.
"தீங்கடா" படத்துக்கு வெளியே விழுந்தது.

அந்த விரலையெல்லாம் திரும்ப வை தம்பி.

சேவ் பண்ணிட்டேனேக்கா.
மறுபடி ஸ்கேன் போடணும், முப்பது ரூபா ஆகும்.

போடு.

கோடு கோடாக வெளிச்சம் நகர்ந்தது.
முதலில் சிவப்பு, பிறகு கட்டம்,
பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஏழு விரலாக.

இந்த நகம் ஒண்ணு கறுப்பா இருக்கேக்கா,
வெளுத்துடவா?

கேட் திறந்து
எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தன.
அசையாதே, என்றேன்.

யாரிடம் சொன்னேன் என்று புரியாமல்
மவுஸிலிருந்து கையை எடுத்தான் பையன்.