அறுபதடி

வடக்கு டகோட்டாவில் ஒரு நகராட்சி.
மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்க்கிறவள் நான்.

பக்கத்து நிலத்தின் எல்லைவரை போய்
முட்டி நிற்க வேண்டும் தெரு. அது விதி.
நாளைக்கு அங்கேயும் வீடு வருமில்லையா.
முட்டியது. அறுபதடி அகலத் தார்,
அப்புறம் பார்லி.
பலகையும் நட்டோம்:
"இச்சாலை பின்னர் நீட்டிக்கப்படும்."

இருபத்திரண்டு வருஷம்
அந்தப் பின்னர் வரவே இல்லை.
தோர்வால்ட் குவாமே விற்க மாட்டேனென்றார்,
பலகையை ஒட்டியே விதைத்தார்.

திரும்ப இடமில்லாத தெரு.
பனி தள்ளும் லாரி
அவர் வயலில் இறங்கித் திரும்பும்.
ஆகஸ்டில் அவர் அறுவடை எந்திரம்
எங்கள் தாரில் ஏறித் திரும்பும்.
என் கோப்பில் இதற்குப் பக்கமில்லை.

இந்தத் திங்கட்கிழமை
சுருட்டிய வரைபடத்தோடு அவரே வந்தார்.
பதினாலு மனை, ஒரு மழைநீர்க் குட்டை,
எங்கள் தெருவோடு நூல் பிடித்தாற்போல் தெரு.
பெயர் மட்டும் வேறு:
இங்கெபோர்க் தெரு.

தொடரும் தெருவுக்குப் பழைய பெயர்தான்,
பிரிவு ஒன்பது.
யாரென்று கேட்கவில்லை.
சிவப்பில் வட்டமிட்டேன்.
"திருத்திக்கொண்டு வாருங்கள்."

தலையாட்டினார்.
கதவருகே போய் நின்று,
"அப்போ, குட்டைக்கு?"

குட்டைக்குப் பெயர் வைக்க விதி ஏதுமில்லை.
இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.