பிழைதிருத்தப் பட்டியல்

சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியை
மூன்றே இரவில் முடித்துக் கொடுத்தவன் நான்.
நாற்பத்திரண்டு பிரிவுகள்.
பக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்,
இன்னும் வரவில்லை.

'கலைகளும் மானுடவியலும்' என்று எழுதி
அது வேறு துறையாயிற்றே என்று அடித்து,
'மனிதப்பண்பியல்' என்று எழுதி
யாருக்கு விளங்கும் என்று அடித்து,
விடியற்காலை இரண்டேமுக்காலுக்குத்
தூக்கம் எழுதிய சொல் 'மனிதாபிமான'.
மனிதாபிமான ஆய்வு நிதியம்.
அப்படியே அச்சேறியது. அப்படியே ஒட்டினார்கள்,
டிக்கோயாவில், நோர்வூட்டில்,
பொகவந்தலாவை பஸ் நிற்கும் சுவரில்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு
ஹட்டன் நகர மண்டபத்தில், காலை ஒன்பதுக்கு.
கண்டியிலிருந்து பேராசிரியர்கள் நால்வர்.
அறுபது நாற்காலி போதும் என்றிருந்தோம்.
எட்டரைக்கே படிக்கட்டில் முந்நூறு பேர்.
கைகளில் தகரத்தின் நீள அகலம் எழுதிய துண்டு,
கிராமசேவகர் முத்திரையோடு மண்சரிவுக் கடிதம்.
ஒருவர் கூரை ஓட்டையைப் படம் பிடித்துப்
பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்:
கறுப்புத் தாளில் ஓர் ஒற்றை வெள்ளி.

செயலாளர் விஜேகோன் அம்மையார்
ஒலிவாங்கியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.
எழுந்து சொன்னேன்:
இது வீட்டுக்கான காசு இல்லை.
வரலாறு, மொழி, இலக்கியம், மெய்யியல்,
இவற்றில் கேள்வி வைத்திருப்பவர்களுக்கான காசு.
பதினொரு பேர் கொண்ட சபை.
ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர்
பெயர் பார்க்காமல் படிப்பார்கள்.
சொல்லச் சொல்ல
மண்டபம் ஈரக் குடையாய் மடங்கிக்கொண்டிருந்தது.

பாதிப்பேர் போய்விட்டார்கள்.
நியாயம்தான். அந்தக் காலையின் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

போகாதவர்களில் ஒருவர், மேற்பிரிவு பவளமேரி,
கை உயர்த்தாமலே கேட்டார்:
"கேள்விக்கு காசு குடுப்பீங்களா, பதிலுக்கா?"
பேராசிரியர்கள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர் போடுறாங்க.
ஒரு நாள் கூலிக்கு 'பேர்'னு பேர் வச்சது யாரு?
பாதி வேலைக்கு பாதி காசுன்னா சரி, விளங்குது.
பாதி பேருன்னா,
எம் பேருல எந்தப் பாதி?
பவளமா, மேரியா?"

கொட்டகலைப் பக்கம் ரயில் ஒன்று கூவிப்போனது.
வரலாற்றுக்காரர் பேனா மூடியைக் கழற்றினார்.
மொழியியல்காரர், அது என் துறை என்றார்.
சோற்றுப் பொதிகள் ஆறும்வரை வாக்குவாதம்.
நான் குறிப்பேட்டில் எழுதினேன்:
கேள்வி ஒன்று. கேட்டவரின் தகைமை, இல்லை.
(பிரிவு ஒன்பதின்படி முதுகலைப் பட்டம் வேண்டும்.)

அடுத்த மாத வர்த்தமானியில் பிழைதிருத்தம் வந்தது:
'மனிதாபிமான' என்பதை
'மானிடப் புலங்கள்' என வாசிக்கவும்.
ஒரே வரி.

ஆடியில் சட்டமானது. தையில் முதல் ஒதுக்கீடு.
போன கிழமை பஸ் நிலையத்தில் பவளமேரி மறித்தார்,
எங் கேள்வி இப்ப எந்த மேசையில இருக்கு என்று.
சொல்லித்தான் ஆக வேண்டும்:
மொழியியல்காரருக்கு ஆறு இலட்சம் கிடைத்திருக்கிறது.
விண்ணப்பத்தில் நீங்கள்
'தகவலாளி இல. 3'.
அவர் கொஞ்சநேரம் பஸ்ஸின் பலகையைப் படித்தார்.
"அப்ப அரைப்பேர்கூட இல்ல" என்று ஏறிக்கொண்டார்.

இன்னொரு பிழையும் உண்டு. பிரிவு பதினான்கு.
சபைக்கும் அமைச்சருக்கும் நடுவே
ஒரு கையின் நீளம் இடைவெளி இருக்கவேண்டும்,
அந்தக் கை இதைத் தொடக்கூடாது
என்பது மூலத்தின் கருத்து.
நான் எழுதியிருப்பது
'கைக்கெட்டும் தூரத்தில்'.
அதே இரவு, அதே தூக்கம்.

அமைச்சுக்கு இரண்டு முறை எழுதினேன், பதிவுத் தபாலில்.
இரண்டாவதற்குப் பதில் வந்தது:
பிரிவு பதினான்கில் பிழை எதுவும்
காணப்படவில்லை.