த இல்லாத பாட்டு

தாராபுரம் கொட்டகையில்
மணியடிக்க நாலு மணி நேரம்.
ஜட்கா குடை சாய்ந்து
ராஜபார்ட் பொன்னுரங்கத்துக்கு முன்பல் ரெண்டும் போச்சு.
'த' என்றால் காற்றுத்தான் வருகிறது.

வசனம் எழுதியவர் பழனிக்குப் போய்விட்டார்.
வசனம் அவருக்கு,
வெசனம் எனக்கு.

ஜின்னிங் பேக்டரி ரசீதின் முதுகில்
மரணப் பாட்டைப் பிரித்துப் போட்டேன்.
தாயே போனாள்.
தவம், தயை, தருமம்,
தண்ணீர்கூடப் போனது.
பதினெட்டு வருசமாய்ச் சேர்த்த சொத்து
இவ்வளவுதானாட்டம்.

மிச்சத்தைக் கூட்டி அள்ளினேன்:
அம்மா, கொஞ்சம் கஞ்சி குடு
என் பேர் சொல்லிக் கூப்பிடு

"ராஜா கஞ்சி கேப்பானா?" என்றார் முதலாளி.
ஆர்மோனியத்தைத் துடைத்தபடி சுக்கூர் சொன்னார்:
"சாகப்போறவன் கேப்பானுங்க."

அன்றைக்கு மூன்று தரம் செத்தார் பொன்னுரங்கம்.
நாலாவதுக்கும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள்,
கடைசி பஸ் போயும்.
எனக்கு அதே மூன்று ரூபாய்.

மாசி மாசம்
கோயமுத்தூரில் தங்கப்பல் கட்டி வந்தவர்
தாயேயைத் திருப்பிக் கேட்டார்.
கொடுத்தேன்.
அவர் பாட்டு, அவர் பல்.
ஒரே தரம் செத்தார். திரை விழுந்தது.

அதற்கப்புறம் நூறு பாட்டாவது எழுதியிருப்பேன்.
ஒவ்வொரு 'த'வுக்கும்
பேனா நின்றுவிடுகிறது,
நாக்கு போய்
என் முன்பல்லைத் தொட்டுப் பார்க்கும்வரை.