மெய்யெழுத்து

ஜம்பட்டா வீதியில் என் மில்.
மிளகாய்க்கு ஒரு மெஷின், மாவுக்கு ஒன்று,
பத்தொன்பது வருஷம் இரண்டுக்கும் நடுவில் நான்.
மூக்குக்குத் துணி கட்டினேன்.
காதுக்கு ஒன்றும் கட்டவில்லை.
காது தும்மாதே.

முதலில் போனது எதுவென்று சொல்லத் தெரியவில்லை.
போகிற சத்தம்
சொல்லிக்கொண்டு போவதில்லை.
நுளம்பு குறைந்துவிட்டதென்று
மாநகரசபையை ஒருநாள் மெச்சினேன்.
றெஜினா கையை நீட்டிக் காட்டினாள்,
ஆறு தடிப்பு.

பிறகு சிங்களம் போயிற்று.
புறக்கோட்டையில் பேரம் பேசிப் பழகிய சிங்களம்.
பாதி விழுந்தால் மீதியைத் தமிழில் ஊகிக்கலாம்,
அதில் முடியவில்லை.
கொண்டக்டர் என்ன கேட்டாலும்
நூறு ரூபாத் தாளை நீட்டினேன்.

கரகரப்பாக வேண்டும் என்று பரீதா ராத்தா சொன்ன மல்லியைப்
பட்டுப்போல அரைத்துக் கொடுத்துவிட்டு
அவவோடுதான் சண்டை பிடித்தேன்.
"வாய்க்குள்ள கதையாத" என்று மகளுக்குக் கத்தினேன்.
ஷெரின் கதைப்பதையே குறைத்துக்கொண்டாள்.
அடைப்பென்று நினைத்து
நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன்,
லாச்சித் திறப்பால் குடைந்தேன்.
இரவில் எல்லாரும் படுத்த பிறகு
ஒரு கேத்தல் மட்டும் தலைக்குள் கொதித்தது.
அடுப்பை அணைக்க யாருமில்லை.

கிளினிக்கில் ஒரு பெட்டி,
கதவைச் சாத்தினால் கொழும்பே இல்லை.
சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள்.
கேட்டதற்கு அமத்தினேன்,
கேட்டிருக்கும் என்று தோன்றியதற்கும் அமத்தினேன்,
பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி.
"ஐயா, அப்ப நான் ஒண்டும் போடேல்லையே"
என்றார் நிலக்ஷி மிஸ்.

தாளில் வலது காது வட்டம், இடது காது புள்ளடி.
இரண்டும் ஒன்றாக நடந்துபோய்
நாலாயிரம் என்ற இடத்தில் ஒரு குழியில் விழுந்தன.
"இது உங்கட மில்லின்ர கையெழுத்து" என்றார்.
உள்ளே மயிர் போலச் சின்னச் செல்லுகளாம்.
செத்தால் முளைக்காது, புல்லில்லை ஐயா.
"உயிரெழுத்து கேக்கும்.
மெய்யெழுத்துத்தான் உதிரும்."

வீதிக்கு வந்து நின்று அதை யோசித்தேன்.
சீனி என்றாலும் தீனி என்றாலும்
எனக்கு வந்தது ஈயும் இயும்.
மெய் கழன்ற உயிர்கள்
இத்தனை வருஷமாய் என்னைச் சுற்றி அலைந்திருக்கின்றன.
நான்தான் பேய் வீட்டில் இருந்திருக்கிறேன்,
வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு.

இப்போது மில்லில் பெரிய காதுமூடி.
"என்ன அண்ண, பாட்டோ?" என்று கேட்பார்கள் போல,
உதட்டைப் பார்த்துச் சிரிக்கிறேன்.
பஞ்சு வைத்தால் போதுமே என்கிறார் பக்கத்து லொண்டரிக்காரர்.
போதாது. பஞ்சு மிளகாய்த் தூளைத்தான் தடுக்கும்.
மிச்சமிருக்கிறதைக் காப்பாற்றத்தான் இது.
போனது போனதுதான்.

சீட்டுக் காசில் ஒரு காதுக்கு மட்டும் கருவி வாங்கினோம்.
முதல்நாள் மாலை
யாருக்கும் சொல்லாமல் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
என் செருப்பு இவ்வளவு கதைக்குமா?
கடதாசிப் பை ஒரு காடு எரிவதுபோல.
எங்கள் குசினிக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது.

றெஜினா முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டினாள்.
"வந்திட்டார், செவிட்டு மாடு.
மாடெண்டாலும் மணிச் சத்தத்துக்குத் திரும்பும்."
ஒவ்வொரு மெய்யும் புள்ளியோடு வந்து விழுந்தது.
ஆறேழு வருஷமாய்ப்
பயமில்லாமல் பேசப் பழகியிருக்கிறாள்.
பிறகு சூடை மீனின் விலை, வாடகை, ஷெரினின் கம்பஸ் காசு,
பிறகு கத்தியை வைத்துவிட்டு, இன்னும் மெல்ல,
"என்னோட கதைக்க ஒரு ஆளில்லை."

நான் கதவடியில் நின்றேன்.
அவள் திரும்பி வழமையான பெரிய குரலில் கேட்டாள்,
"தேத்தண்ணி ஊத்தவோ?"

"என்ன?" என்றேன்.
"கொஞ்சம் மெல்லச் சொல்லு."