ஆறு சட்டை

காயெத்தாவை நான் முதலில் வரைந்தது
கன்னிகாபுரம் கால்வாய் ஓரம்
மாநகராட்சிக் கழிப்பறையின் வெளிச்சுவரில்.
கடை போர்டு எழுதி மிஞ்சிய நீலம் அரை டப்பா இருந்தது,
அவனுடைய முதல் கிளப்பும் நீலம்.
உருகுவேயில் ஏதோ ஆற்றங்கரை ஊர்க்காரன்.
பதினெட்டு வயசு, என்னைப் போல.
இடது கால், அதுவும் என்னைப் போல.
முழுப்பேர் ராமிரோ காயெத்தா.
எங்கள் தெருவுக்குக் காயா.

அங்கே ராத்திரி ஆட்டம் முடியும்போது
இங்கே பால் வண்டி வந்துவிடும்.
அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு
ஜூலியட் அக்கா கேட்பாள்:
'இன்னாடா, காயா பழமா?'
கோல் என்றால் பழம்.
ஆஃப்சைடு என்றால்
அது என்ன என்று நான் விளக்கி முடிப்பதற்குள்
குடம் நிரம்பி வழியும்.

அந்த வருஷம் நானும் ரயில்வே ட்ரையலுக்குப் போனேன்.
இருபது நிமிஷம் விட்டார்கள்.
பந்து நாலு தடவை என்னிடம் வந்தது.
நாலாவது தடவை
விசில் ஊதிய பிறகு.

போர்ச்சுகலில் ஒரு கிளப்புக்கு
அவனைக் கடனுக்குக் கொடுத்தார்கள்.
ஆளையே கடன் கொடுப்பதா என்று
தண்டல் கட்டும் எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.
வட்டி எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.
நீலத்தின் மேல் பச்சை அடித்தேன்.

பிறகு பெரிய கிளப், சிவப்பு.
நல்ல சிவப்பு விலை அதிகம், கைக்காசு போட்டேன்.
ஒரே சீசனில் இருபத்தி மூன்று கோல்.
பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நின்று
அவன் இடுப்பு வரை வந்துவிட்டோமா என்று அளந்துகொண்டார்கள்.
முஸ்தபாவின் மகள் பர்வீன் மட்டும் திரும்பி நின்று
அவன் காலோடு தன் காலை வைத்துப் பார்த்தாள்.

நாட்டுக்கு ஆடியபோது வான்நீலம்.
காலிறுதி, பெனால்டி, ஐந்தாவது ஆள் அவன்.
அந்தப் பந்து இன்னும் கீழே வரவில்லை என்பான் முஸ்தபா.
அன்றைக்கு விடியும் முன்னால்
யாரோ அவன் முகத்தில் கால்வாய்ச் சேற்றை எறிந்திருந்தார்கள்.
எறிந்தது நான்தான்.
சோப்புத்தூள் கரைத்துக் கழுவியதும் நான்தான்.

அந்த டிசம்பரில் கால்வாய் தெருவுக்குள் வந்தது.
மூன்றாம் நாள் வடிந்தபோது
சுவர் நீளத்துக்குக் கறுப்பாக எண்ணெய்க்கோடு,
சரியாக அவன் முட்டி மேல்.
எங்கள் வீட்டு மெத்தையைத் தூக்கிப் போடுகிற கவலையில்
சுவரை மறந்துவிட்டேன்.
பிப்ரவரியில் அவனுக்கு முட்டி போனது.
ஜூலியட் அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
'தண்ணி வடிஞ்ச அன்னிக்கே தொடச்சிருக்கணும் நீ.'

அதற்கப்புறம் மஞ்சள். பாலைவன தேசத்தில் ஒரு கிளப்,
காலி கேலரி, நல்ல சம்பளம்.
நான் அப்போது ஷட்டர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்,
மணலி வரைக்கும்.
அவனும் நானும் சதுர அடிக்குத்தான் வேலை செய்தோம்.

கடைசியாகத் தன் ஊருக்கே போனான்.
இரண்டாம் டிவிஷன், கறுப்பு வெள்ளைப் பட்டை.
அந்த ஆட்டமெல்லாம் எந்த போனிலும் வராது.
கலங்கிய போட்டோ ஒன்றுதான் கிடைத்தது.
அதில் அவனுக்குத் தலை வழுக்கை.
சட்டையை மாற்றினேன்,
முடியை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் குழாய் பதிக்கிறவர்கள்
ட்ரில் வைத்ததில் தோளில் ஒரு பாளம் உதிர்ந்தது.
எடுத்து விளிம்பைப் பார்த்தேன்:
வெள்ளை, மஞ்சள், வான்நீலம், சிவப்பு, பச்சை, நீலம்.
அதன் அடியில் சுண்ணாம்பு.
பிஸ்கட் கனம் இருக்கும்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் ஓய்வு பெற்ற சேதி வந்தது இன்று காலை.
பேசின் பிரிட்ஜ் சிக்னலில் படித்தேன்.
இரண்டு வரி.
மூன்றாவது வரி சமையல் எண்ணெய் விளம்பரம்.

ஜூலியட் அக்காவிடம் சொன்னேன்.
குடத்தை இடுப்பில் ஏற்றியவள் அப்படியே நின்றாள்.
'இன்னா வயசு அவனுக்கு?'
முப்பத்தாறு என்றேன்.
'முப்பத்தாறெல்லாம் ஒரு வயசா?
வேற எங்கியாச்சும் எடுக்கமாட்டாங்களா
கேட்டுப் பாரேன்.'