ஆறரை இஞ்ச்

சன்னலைத் திறந்தால் தூசி.
சங்ககிரி ரோட்டில் ராத்திரி முழுக்க
ரிக் வண்டிக்குக் கம்ப்ரசர் மாற்றுகிறார்கள்.
என் பொட்டிக்குள்ளும் அப்படித்தான்:
இரண்டாவதாய் ஒரு சன்னலைத் திறந்தால்
மூச்சு வாங்கி அங்கேயே நின்றுகொள்ளும்.
செங்கோட்டுவேல் அண்ணனிடம் புதுசு கேட்டேன்.
"ரெண்டு போரு தண்ணி வரட்டும் புள்ள."
போன ஆடியிலும் இதைத்தான் சொன்னார்.

ஆக, ஒரே திரை. கருப்பு.
அதில் ஒரே கோப்பு.
ராய்ப்பூரிலும் பீதரிலும் நிற்கும் எங்கள் வண்டிகள்
குரலில் அனுப்பும் அடிக்கணக்கை
எழுத்தில் இறக்குவது என் வேலை.
ஊர், காட்டுக்காரர், கேசிங், அடி, தண்ணி.
தண்ணியை இஞ்சில் எழுதுவோம்.
இல்லாவிட்டால் புகை.

"இந்த மாசம் எத்தனை போரு?" என்பார் பாதி வரியில்.
முன்பெல்லாம் கோப்பை மூடி, போய், எண்ணி, வந்து,
யாருடைய வயலில் நின்றேன் என்று தேடுவேன்.
இப்போது எழுவதில்லை.
திரையின் அடியில் ஒரு வரி,
முக்காற்புள்ளி வைத்தால் திறக்கும்.
பக்கத்தில் ஆச்சரியக்குறி.
பள்ளிக்கூடத்தில் வியப்புக்கு வைத்தோம்.
இங்கே அது ஏவல்.
தாட்டிவிடு என்று அர்த்தம்.

தேதி என்ன, பார்த்துட்டு வா.
எத்தனை வரி, எண்ணிட்டு வா.
கதவுச் சத்தம் இல்லாமல் போகிறது,
பதிலைக் கீழே வைக்கிறது,
எண்டரைத் தட்டச் சொல்லிக் கெஞ்சுகிறது.
தட்டினால்
பீதர் என்பதில் 'த'வின் மேல் விட்ட கர்சர்
அதே 'த'வின் மேல்.
ஆறரை இஞ்ச் அகலம்தான் அந்த வரி
என்று நினைத்துக்கொள்வேன்.
காட்டைக் கிளறாமல்
ஒன்றை உள்ளே விட்டு எடுக்க அது போதும்.

வரிகளையே பிடித்தும் அனுப்பலாம்,
அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.
நூற்றுப் பதினெட்டு வரியைக் குறித்து
சார்ட்டுக்குத் தாட்டிவிட்டால்
போன இடத்திலேயே திரும்ப வந்து உட்காரும்,
ஆழம் குறைந்தது முன்னால்.
எண்ணாய்ப் பார் என்று சொல்லிவிட வேண்டும்,
இல்லையென்றால் ஆயிரத்து நாற்பதைத்
தொண்ணூறுக்கு முன்னால் வைத்துவிடும் மண்டு.

வியாழக்கிழமை, மணி ஒன்றரை.
சார்ட்டில் ஓரெழுத்தை விட்டுவிட்டேன்.
நூற்றுப் பதினெட்டும் போயின.
அவை இருந்த இடத்தில்
ஒற்றை வரி உட்கார்ந்திருந்தது:
அப்படி ஒரு கட்டளை இல்லை.

பீதர் இல்லை. ராய்ப்பூர் இல்லை.
மகள் கல்யாணத்தைத் தள்ளிவைத்துக்
கேசிங்குக்குப் பணம் கட்டியவர் இல்லை.
ரெண்டேகால் இஞ்ச் பீறிட்டு
டிரைவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவரும் இல்லை.

போனில் அத்தியப்பன்.
"அக்கோவ், எழுதிக்குங்க. தொள்ளாயிரத்து இருவது.
பொகைதானுங்க. நிறுத்திக்கலாம்னேன்,
காட்டுக்காரரு கேக்கமாட்டீங்கறாரு.
இன்னம் ரெண்டு ராடாமா."
அவன் பின்னால் கம்ப்ரசர்.
அதற்கும் பின்னால் யாரோ
எனக்குத் தெரியாத பாஷையில் நோட்டு எண்ணுகிறார்.

யூ என்ற ஒரே எழுத்தைத் தட்டினேன்.
அத்தனையும் திரும்பின,
போகாதது மாதிரி.
அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அடிக்கு எண்பத்தைந்து ரூபாய்,
புகைக்கும் அதே ரேட்.

அவன் வரியையும் சேர்த்து,
எழுத்தைச் சரியாய் வைத்து,
எண்ணாய்ப் பார் என்று சொல்லித் தாட்டிவிட்டேன்.
புதியவர் போய் ஆயிரத்து நாற்பதுக்கு ஒரு படி மேலே நின்றார்.
தண்ணி என்ற இடத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

தாட்டிவிட்டது திரும்பும்வரை
இந்தத் திரை வேறெதையும் கேட்காது.
நான் அதை வசதிக்குறைவு என்று நினைத்திருந்தேன்.

நாற்பது அடி.
சன்னலைச் சித்தெ திறந்துவைத்தேன்.
தூசி வரட்டும்.