நீலத் தட்டு

முழங்கால் உயரப் புல்லில் நின்றபடியே
பட்டினியால் செத்தது முதல் ஆடு.
முப்பத்தொன்றாம் வருஷம். ரோட்டோருவாவுக்குத் தெற்கே,
எரிமலை என்றைக்கோ ஊதிவிட்டுப் போன
சாம்பல் மேட்டில் எங்கள் இருநூறு ஏக்கர்.

டௌகல் அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தான்.
பூச்சியில்லை. கட்டியில்லை.
புல் கொஞ்சம் கிடந்தது,
மெல்லத் தொடங்கி மறந்துபோன மாதிரி.
"சோம்பேறிச் சனியன்" என்றான்.
கத்தியை அந்தப் புல்லிலேயே துடைத்தான்.

கணக்கு நோட்டில் எழுதினேன்:
ஆடு ஒன்று. காரணம், ஒரு கேள்விக்குறி.
குளிர்காலம் போவதற்குள்
கேள்விக்குறி போட்டுப் போட்டே
என் பேனாமுள் வளைந்தது.

கீழிமையை இழுத்துப் பார்க்கப் பழகியிருந்தேன்.
நல்ல ஆட்டுக்கு உள்ளே ரோஜாநிறம்.
எங்களுடையதற்கு வெள்ளைத்தாள்.
கண்ணோரம் நீர் வடிய
பச்சைக்கு நடுவே நின்று
பச்சையை வெறித்தன.

தாமெஹானா வேலியில் சாய்ந்து சொன்னான்:
"மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப் போங்கள்.
மூன்று மாதத்தில் தேறிவிடும்.
ஏன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்."
ஓட்டிப் போனோம். தேறின.
திரும்ப ஓட்டி வந்தோம்.
செத்தன.

இரும்பு போதவில்லை என்றது அரசாங்கம்.
ஒரு குழியின் காவி மண்ணை நக்கக் கொடுத்தோம், பிழைத்தன.
வேறொரு குழி, அதே காவி, அதே இரும்பு,
புதைத்தோம்.
சீசாவில் சுத்தமான இரும்பு, காசு கொடுத்து வாங்கியது,
அதற்கும் புதைத்தோம்.
இரும்புக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள்;
வேலை செய்ததோ
அதன் பல்லக்கில் ஒட்டிவந்த தூசு.

அந்த அழுக்குக்குப் பெயர் இருந்தது. கோபால்ட்.
வெலிங்டனிலிருந்து வந்த பையன் சொன்னான்,
தடித்த மூக்குக்கண்ணாடி, ஓட்டைச் சப்பாத்து.
ஏக்கருக்கு நாலு அவுன்ஸ். வருஷத்துக்கு ஒரு முறை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒரு கேக்குக்கு நான் போடும் வெண்ணெய்
அதைவிட அதிகம்.

ஆட்டின் வயிற்றுக்குள்
கண்ணுக்குத் தெரியாத சமையல்காரர்கள் இருக்கிறார்களாம்.
அடுப்பு எரிந்தும் அரிசி இருந்தும்
ஒரு சிட்டிகை வந்து சேராததால்
கைகட்டி உட்கார்ந்திருந்தார்களாம்.
டௌகல் நம்பவில்லை.
நம்பாமலேயே உரத்தில் கலந்து தூவினான்.

அடுத்த வசந்தத்தில் ஒரு விடியல்.
சமையலறைக்குள் வந்தது அந்தச் சத்தம்,
நானூறு வாய் புல் அறுக்கிற சத்தம்.
தேநீரை ஆறவிட்டு
கதவோரமே நின்றுகொண்டிருந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்பதில் என் முறை.
நாக்கு எரிந்தது. விரல்கள் மரத்தன.
பித்தான் போட அரைமணி நேரம்.
டாக்டர் ஹாலிடே என் கீழிமையை இழுத்தார்.
"வெள்ளைத்தாள்தானே?" என்றேன்.
அவர் விழித்தார்.

இது மண்ணின் குற்றமில்லையாம்.
தட்டில் எல்லாம் இருந்திருக்கிறது,
என் வயிற்றுக்குத்தான் பிடித்துவைக்கத் தெரியவில்லை.
அதனால் ஊசி. மருந்து சிவப்பு.
"நடுவில் ஒரு கோபால்ட் அணு.
அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம்."
உடம்பு முழுக்க வழித்தெடுத்தாலும்
ஒரு மில்லிகிராமோ என்னவோதான் தேறுமாம்.
அத்தனை சின்னதற்காகவா
இடுப்பொடிய அவ்வளவு குழி வெட்டினோம்?

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன்.
எதிர்ச்சுவரில், டனீடினிலிருந்து கல்யாணத்துக்கு வந்த தட்டு.
பாலம், மரம், இரண்டு பறவை, எல்லாம் நீலம்.
அந்த நீலமும் இதுதான் என்று
பையன் அன்றைக்கே சொல்லியிருந்தான்.
டௌகலின் காதில் விழவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஆடுகள் செத்த ஞாயிறுகளிலும்
அதில்தான் உருளைக்கிழங்கு பரிமாறினேன்.
கரண்டியால் சுரண்டினேன். கழுவினேன். துடைத்தேன்.
அது அங்கேயேதான் இருந்தது,
மெருகுக்கு அடியில்,
எந்த நாக்கும் எட்டாத இடத்தில்.